இரண்டாவது பாரா

"நான் பார்த்துக்கறேன்னு சொன்னேனா இல்லியா? நீ எதுக்கு அங்கே போய்—"

"மூணு மாசமா நீங்கதானே அண்ணா பார்த்துண்டிருக்கேள்! பார்த்துப் பார்த்து என்ன ஆச்சு, ஒரு—"

"நடுவிலே பேசாதே. ஒரு பொம்மனாட்டி தனியா பள்ளிக்கூடத்து வாசல்லே நின்னுண்டு, எனக்கு ஏன் வேலை இல்லேன்னு கேட்டா, தெரு என்ன—"

"கேக்கத்தானே போறேன்? பிடுங்கிண்டா வரப் போறேன்?"

"சீதா!"

"ரெண்டு பேரும் சித்தே நிறுத்துங்கோ," என்று சமையலறையிலிருந்து சீதாவின் மன்னி வாலாம்பாள் குரல் கொடுத்தாள். "இலை போட்டு எத்தனை நாழியாச்சு? கச்சேரிக்கு நேரமாகல்லியா?"

பஞ்சாபகேசன் இலை முன் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் வாய் ஓயவில்லை.

"வேக்கன்ஸி இருந்திருக்காது. இல்லேன்னா அவாளுக்கு வேண்டப்பட்டவா யாராவது இருப்பா. இதொக்க தினம் நடக்கறதாக்கும். இதுக்குப் போய் வெறுதே ஒரு ரகளை."

"வேக்கன்ஸி இருக்கு அண்ணா. உங்க பொண்ணையே கேளுங்கோ. தமிழ் பீரியட்லே என்னடி பண்றேள், அனந்தம்?"

வாசற்படியில் புஸ்தகப் பையோடு நின்ற அனந்தலக்ஷ்மி, பஞ்சாபகேசனின் ஒரே பெண், பதினாறு வயசுக்காரி, அப்பாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புளியங்கொட்டை ஆடறோம்," என்றாள்.

"போடீ பள்ளிக்கூடத்துக்கு!"

அனந்தம் ஓடினாள். சீதாலக்ஷ்மி அண்ணாவின் இலையில் சாதத்தைப் போட்டாள். போட்டதில் பாதி இலைக்கு வெளியே விழுந்ததை அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு ரஸத்தைக் கேட்டார்.

அந்தப் பழுப்பு உறையைப் பிரித்துவிட்டுச் சீதாலக்ஷ்மி கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது நேற்றுச் சாயங்காலம். உள்ளே இருந்தது ஒரே வரி. தமிழ் ஆசிரியை வேலைக்கு அவள் கொடுத்த மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் இல்லை. மேலே தேதி, கீழே ஒரு கிறுக்கல்.

அந்த வேலை வெறும் வேலையாக இருந்தால் அவள் தூணைப் பிடித்திருக்கமாட்டாள். அவள் கணவன் ஸ்ரீகண்டன், அவளை அண்ணா கையில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன், சிங்கப்பூரில் ரப்பர் கம்பெனிக் குமாஸ்தா. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. கடிதம் இல்லை, தந்தி இல்லை, இருக்கிறான் என்று சொல்ல ஆள் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. சீதா தினம் காலையில் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொள்வாள். வலியசாலைத் தெருப் பெண்கள் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஐப்பசிக்குள் வேலை கிடைக்காவிட்டால் அவள் கடையத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போய்விடுவது என்று பேச்சு. அங்கே மைத்துனர் மனைவி போன மாசமே எழுதியிருந்தாள்: "நீ வரும்போது கலர்ப் புடவையெல்லாம் கொண்டு வர வேண்டாம். இங்கே உபயோகம் இருக்காது." அந்த வரியைப் படித்த நாளிலிருந்து கடையம் என்ற பேர் வந்தாலே சீதா எழுந்து போய்விடுவாள். வேலை கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். பொட்டு வைத்துக்கொண்டு, அவன் வருகிற வரை காத்திருக்கலாம்.

பஞ்சாபகேசன் கை கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார். மேல் பையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு முனை உள்ள பென்சிலைச் செருகிக்கொண்டார். சர்க்கார் கச்சேரியில் அவருக்கு வேலையே கடிதங்களைத் திருத்தி நகல் தயாரிப்பதுதான். மற்றவர்கள் எழுதியதில் வேண்டாததைச் சிவப்பால் அடிப்பார், வேண்டியதை நீலத்தால் எழுதுவார். தெருவில் யாருக்கு மனு வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள்.

"எந்த மேஜைக்குப் போறது?" இதுதான் அவர் முதல் கேள்வி. கஷ்டம் என்னவென்று அப்புறம்தான் கேட்பார்.

இன்னாருக்குக் கண் சரியில்லை, பெரிய எழுத்தில் ஒரே பக்கம் எழுது. இன்னார் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார், விஷயத்தை அங்கே வை. இன்னாருக்குப் பணிவு போதாவிட்டால் கோபம் வரும். இன்னாருக்குப் பணிவு ஜாஸ்தியானால் சந்தேகம் வரும். எல்லாம் அவருக்கு மனப்பாடம். "மனுவை நம்ம மனசு ஆறறதுக்காக எழுதப்படாது. வாசிக்கறவருக்காக எழுதணும்," என்பார். இதைச் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் அனந்தம்கூட அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.

அந்த அண்ணா தனக்கு மனு எழுதித் தந்தபோது சீதாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எழுதி, அவரே வாய்விட்டுப் படித்தும் காட்டினார். இரண்டாவது பாராவில் அவர் குரலே கம்மிற்று. சீதா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"நான் வரட்டும், பேசிக்கலாம். அது வரைக்கும் வாசலைத் தாண்டாதே. கேட்டியோ?" என்றார் பஞ்சாபகேசன்.

அவர் குடை முக்குத் திரும்பிற்று. சீதா உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டாள்.

"சீதா, அண்ணா என்ன சொன்னார்?" என்றாள் வாலாம்பாள்.

"கேட்டுண்டுதான் இருந்தேன், மன்னி."

* * *

ரத்னாபாய் நாகர்கோயில்காரி. பெண் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. வெள்ளைப் புடவை, மூக்குக்கண்ணாடி. உரக்கப் பேசிப் பழகின தொண்டை. ரகசியம் சொன்னாலும் வராந்தா வரை கேட்கும்.

"வாங்க சீதா, இருங்க. நானே ஆளு விடணும்னு நெனச்சேன்."

"எனக்கு ஏன் கிடைக்கல்லேன்னு தெரிஞ்சா போறும், அம்மா. என் பரீட்சை போறாதா?"

"பண்டிதப் பரீட்சை பாஸானவுங்க இந்தப் பக்கத்துல எத்தனை பேரு இருக்காவ? நீங்க போன வருசம் லீவு எடத்துல ஆறு வாரம் படிப்பிச்சீங்கல்லா, அந்தப் பிள்ளைக இப்பவும் உங்களைத்தான் கேக்குதுக."

"அப்போ?"

ரத்னாபாய் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். உடனே கொடுக்கவில்லை.

"இதை யாரு எழுதினா?"

"அண்ணா. ஏன், நன்னாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கான்னா கேக்கீங்க? வாசிச்சிட்டு நான் அழுதேன் பிள்ளே."

"நானும் அழுதேன்."

"நாம ரெண்டு பேரும் அழுது என்ன? வாசிக்க வேண்டியவரு பகவதிப்பெருமாள் பிள்ளைல்லா."

ஆசிரியர் நியமனம் எல்லாம் அவர் கையில். சீதா பேர் மட்டும் கேட்டிருக்கிறாள். ரத்னாபாய் தாளைத் திருப்பி வைத்தாள். மேல் பாராவுக்கு நேரே ஒன்றும் இல்லை. இரண்டாவது பாராவின் ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு பென்சில் கோடு, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி.

அந்தப் பாரா சீதாவுக்கு மனப்பாடம். கணவர் யுத்தத்தில் சிக்கி ஒன்றரை வருஷமாகத் தகவல் இல்லை. திக்கற்ற பிராமண ஸ்திரீ. பிறர் போடும் சோற்றில் காலம் தள்ளுகிறேன். ஐயா அவர்களின் கருணை ஒன்றே கதி.

கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. சீதா எழுத்துக் கூட்டிப் படித்தாள். பள்ளிக்கூடம் ஊட்டுப்புரை அல்ல.

"மனசிலாகல்லை அம்மா."

"ஊட்டுப்புரை எங்களுக்குக் கிடையாது, சீதா. ராஜா செலவுல சோறு, ஆனா பிராமண ஆளுகளுக்கு மட்டும். அவரு நாஞ்சில் நாட்டுலேர்ந்து இங்க படிக்க வந்த காலத்துல, ரெண்டு நேரம் பட்டினி. தெனம் அந்த வாசலைத் தாண்டித்தான் கிளாஸுக்குப் போணும். சாம்பார் மணத்தை மட்டும் மோந்துட்டுப் போவாராம். அவரே சொல்லியிருக்காரு. அப்படிப்பட்டவருகிட்ட, நான் பிராமண ஸ்திரீ, சோத்துக்கில்லே, கருணை வைன்னு எழுதினா?"

சீதா அந்தப் பென்சில் கோட்டை விரலால் தடவினாள்.

"தாளை எறியாம எங்கிட்ட திருப்பி அனுப்பியிருக்காரே, அதுவே பெரிசு. அழுகைன்னு ஒரு சொட்டு விழுந்தாலும் அவருக்கு ஆகாது. இது கச்சேரி வட்டாரத்துல பூனைக்குட்டிக்கும் தெரியும்."

"அண்ணாவுக்குத் தெரிஞ்சிருக்காது. அவருக்கு வேற டிபார்ட்மெண்ட்."

"இருக்கும்." ரத்னாபாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எங்கிட்ட ஒரு வாட்டி காட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேன். நான் ஊருக்குப் போயிருந்த வாரமாப் பார்த்து உங்க அண்ணாச்சி நேரா ஆபீஸிலயே கொண்டு கொடுத்திருக்காரு. எழுதினவருக்கு ஒண்ணு அவரைத் தெரியாது. இல்லேன்னா நல்லாத் தெரியும்."

வெளியே எந்த வகுப்பிலோ பெண்கள் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். ஒரு சுற்று முடிந்ததும் சீதா நிமிர்ந்தாள்.

"என்ன பேச்சு இது அம்மா? என் கூடப் பிறந்தவர்."

"நான் ஒண்ணும் சொல்லல்லே. சொல்ல வந்தது வேற. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அவரு இங்க இன்ஸ்பெக்ஷனுக்கு வாறாரு. தமிழ்ப் பிரிவுல நாப்பத்திரண்டு பிள்ளைக மூணு மாசமாச் சும்மா இருக்குதுகன்னு அவரு கண்ணாலயே பார்ப்பாரு. அந்த நேரத்துல எம் மேஜையில புதுசா ஒரு மனு இருந்தா, நான் கையில கொடுப்பேன். உங்களுக்கு என்ன வேணும்னு எழுதாதீங்க. அவரு பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும், அதுல நீங்க என்ன செய்வீங்க. அம்புட்டுத்தான்."

"இன்னிக்கே எழுதறேன்."

"இன்னும் ஒண்ணு உண்டும்." ரத்னாபாய் ஒரு அச்சடித்த காகிதத்தை நீட்டினாள். "புருஷன் ஊர்ல இல்லாத பொம்பளைன்னா ரக்ஷகர் ஒப்புப் போடணும். போன வாட்டி உங்க அண்ணாச்சி நேரா ஆபீஸிலயே போட்டிருக்காரு. உங்க அண்ணாச்சி கையெழுத்து இல்லாம மனு செல்லாது, கேட்டீங்களா?"

* * *

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சீதாவுக்குள் இரண்டு குரல்கள்.

தெரியாமல் எழுதிவிட்டார். பாசத்தில் எழுதிவிட்டார்.

எந்த மேஜைக்குப் போகிறதென்று கேட்காமல் அண்ணா எப்போதாவது பேனாவைத் தொட்டதுண்டா?

எனக்காக எழுதும்போது மனசு இளகியிருக்கும். குரல் கம்மிற்றே, அது பொய்யா?

வாலாம்பாள் கூடத்தில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா?"

"இரண்டாவது பாரா சரியில்லையாம், மன்னி."

வாலாம்பாள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஓஹோ," என்றாள். எந்தப் பாரா, என்ன சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தள்ளி வைத்தாள். "விடேன். கடையத்திலே ஆறு இருக்கு, கோவில் இருக்கு. இந்தப் பட்டணத்திலே கிடந்து என்ன கண்டே?"

மன்னி இப்படி ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் விடுகிறவள் இல்லை. பக்கத்து வீட்டில் கத்தரிக்காய் வாங்கினால்கூட எத்தனை என்று கேட்பவள்.

சீதா மாடிக்குப் போனாள். இரண்டு தாள் எடுத்தாள்.

முதல் தாளில் தன் மனு. நாலே வரி. எழுதி முடிக்கக் கால் மணி ஆகவில்லை.

இரண்டாவது தாளுக்குத்தான் நேரமாயிற்று. அதுவும் மனுதான், அதே பகவதிப்பெருமாள் பிள்ளைக்கு. எழுதுகிறவள் பக்கத்து வீட்டுப் பிச்சுமணியின் மருமகள், கேட்பது தையல் ஆசிரியை வேலை. பிச்சுமணியின் மருமகளுக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. இதில் இரண்டாவது பாரா வேண்டும். அண்ணாவின் வார்த்தைகளாக இருக்கப்படாது, விஷயம் மட்டும் அதுவாக இருக்க வேண்டும். கணவர் படுத்த படுக்கை. ஆதரவற்ற பிராமணக் குடும்பம். தங்கள் தயவைத் தவிர வேறு புகலில்லை. கை சாய்வை மாற்றி, குமிழ் குமிழாக எழுதினாள்.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அண்ணா இதை அடிக்காமல் விட்டால் அவருக்கு அந்த மனுஷரைத் தெரியாது. தெரியாமல் எழுதினார் என்று நெஞ்சோடு வைத்துக்கொண்டு கடையத்துக்கே வேண்டுமானாலும் போய்விடலாம்.

நாலரை மணிக்கு அனந்தம் வந்தாள். சீதா அவளைப் பின்கட்டில் உட்கார்த்தி வைத்துத் தலை வாரினாள். ஏழு வயசிலிருந்து அந்தத் தலையை வாருகிறவள் அவள்தான்.

"அப்பா காபி சாப்பிட்டதும் இதைக் கொடு. பக்கத்தாத்து மாமி பார்க்கச் சொன்னான்னு சொல்லு."

"மாமியா கொடுத்தா?"

"இல்லை."

"அப்போ பொய்யா அத்தை?"

"ஆமாம். இன்னிக்கு மட்டும்."

அனந்தம் திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளை வாங்கிப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டாள்.

* * *

பஞ்சாபகேசன் வந்தார். கால் கழுவினார், சந்தி செய்தார், சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். காபி வந்தது. காலையில் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சீதா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். முகம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

"அப்பா, பக்கத்தாத்து மாமி இதைப் பார்க்கச் சொன்னா."

"வந்ததும் வராததுமா? கொண்டா."

தாள் சரசரத்தது. பென்சிலை எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. தாளைக் கண்டால் அந்தக் கை தானாகப் பைக்குப் போகும், அது அவருக்கே தெரியாது.

"என்ன கையெழுத்து இது, கொழுக்கட்டை பிடிச்ச மாதிரி! ம். ம். இங்கே ஒரு கமா."

அடிக்காதேங்கோ அண்ணா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சீதா கதவை அழுத்திப் பிடித்தாள்.

"யாருக்குப் போறது? மேலே என்ன போட்டிருக்கா? பகவதிப்பெருமாள் பிள்ளைக்கா?"

அவர் சிரித்தார். தொழில் தெரிந்தவன் தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"நல்ல காலம், என்கிட்டே காட்டினா. இது அந்த மேஜைக்குப் போனா அவ்வளவுதான்."

கீச்சென்று ஒரு கோடு. இன்னொன்று. குறுக்கே ஒன்று.

"மாமிகிட்டே சொல்லு, அனந்தம். இந்த ரெண்டாவது பாரா வேண்டவே வேண்டாம். அழுகை, தயவு, பிராமணக் குடும்பம், ஒண்ணும் இந்த மனுஷர்கிட்டே செல்லாது. ஊட்டுப்புரை வாசல்லே பட்டினியா நின்னவராக்கும். இதைப் பார்த்தா கிடைக்கற வேலையும் கிடைக்காது. நாலு வரி போறும். என்ன தெரியும், என்ன பண்ணியிருக்கா, என்னிக்கு வருவா. மனசிலாச்சா? மனுங்கறதை—"

"வாசிக்கறவருக்காக எழுதணும். தெரியும்ப்பா."

கதவு திறந்தது.

சீதா வந்து நின்றாள். ரத்னாபாய் கொடுத்த பழைய மனுவை அவர் மடியில், சிவப்புக் கோடு போட்ட தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அழுத்தமான அந்தப் பென்சில் கோடும் இப்போது போட்ட சிவப்புக் கோடும் ஒரே இடத்தில் இருந்தன.

பஞ்சாபகேசன் ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"இது... நீயா எழுதினே?"

"எனக்கு எழுதித் தந்த அன்னிக்கு இந்தச் சிவப்பு முனை உடைஞ்சு போயிருந்ததா அண்ணா?"

"சீதா, உட்காரு. நான் சொல்றதைக் கேளு."

"நின்னுண்டே கேக்கறேன்."

"அதிலே ஒரு வார்த்தை பொய் உண்டா? சொல்லு. ஸ்ரீகண்டன் தகவல் இல்லை, அது நெஜம். நீ எங்க ஆத்திலே—"

"எல்லாம் நெஜம். அதுதான் வயத்தெரிச்சல். பொய் எழுதியிருந்தா, அண்ணாவுக்கு என்ன கோபமோன்னு இருந்திருப்பேன். என் நெஜத்தையெல்லாம் ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்து, எவர் அதைப் பார்த்தாக் கதவைச் சாத்துவாரோ அவர் கையிலே கொண்டு கொடுத்தேளே! படிச்சுக் காட்டறச்சே குரல் வேற கம்மித்து உங்களுக்கு. நான் அழுதேன். கண்ணைத் துடைச்சுண்டு ஒப்புப் போட்டேன்."

வாலாம்பாள் கை ஈரத்தோடு வந்தாள். "இப்போ நீ மாத்திரம் என்ன பண்ணினே? பொய் மனு எழுதி, என் பொண்ணை விட்டுப் பொய் சொல்லச் சொல்லி, அண்ணாவைப் பிடிச்சே. அது தர்மமா?"

"இல்லை மன்னி. அவர்கிட்டே கத்துண்டேன்." சீதா திரும்பினாள். "உங்களுக்கும் தெரியும், இல்லியா? அதான் எந்தப் பாரான்னுகூடக் கேக்கல்லை."

வாலாம்பாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"கரமனைப் பிள்ளையாத்துக்காரா தை மாசத்திலே அனந்தத்துக்கு நிச்சயம் பண்ணிக்கலாம்னா," என்றாள். "நல்ல இடம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. ஆத்திலே ஒரு அத்தை இருக்காளாமே, அவ பொட்டு வெச்சுக்கலாமா, கூடாதா? முகூர்த்தத்திலே முன்னாடி நிப்பாளா, பின்னாடி நிப்பாளா? வேலைக்கு வேற போகப் போறாளாமேன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்? நீயே சொல்லு."

"அதுக்கு?"

"வேலை இல்லேன்னா ஐப்பசியிலே நீ கடையம் போயிடுவே. போயிட்டா..."

"போயிட்டா, அந்தக் கேள்வியே இருக்காது," என்றாள் சீதா.

"அத்தை இல்லாமே எனக்குக் கல்யாணமா?" என்றாள் அனந்தம். அவள் அங்கே நிற்பதை மூன்று பேரும் மறந்து போயிருந்தார்கள். "யாருப்பா கேட்டா இந்தக் கல்யாணத்தை?"

"நீ உள்ளே போ," என்றார் பஞ்சாபகேசன். அவள் போகவில்லை.

"என்கிட்டே நேரே சொல்லியிருக்கலாமே அண்ணா," என்றாள் சீதா. "சீதா, இப்படி இப்படி, உன்னாலே என் பொண்ணு கல்யாணம் நிக்கறதுன்னு. இந்தக் குழந்தைக்காக நான் என்ன பண்ண மாட்டேன்?"

"சொன்னா நீ அழுவே."

"அழுதிருப்பேன்."

"எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் இல்லை, சீதா."

"ஊரிலே இருக்கிற அத்தனை மேஜையும் உங்களுக்கு மனப்பாடம். யாருக்கு எது பிடிக்கும், யார் எதுக்கு இரங்குவா, எல்லாம் தெரியும். கூடப் பிறந்தவளை மாத்திரம் இவ கேட்டா புரிஞ்சுக்க மாட்டாள்னு எப்படி முடிவு பண்ணினேள்?"

அவர் சிவப்பு நீலப் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

சீதா இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். அதோடு அச்சடித்த காகிதமும். இரண்டையும் அவர் முன் விரித்து வைத்தாள்.

"இது நான் எழுதினது. என் பேருக்கு, என் கையாலே. வாசியுங்கோ."

அவர் வாசித்தார். தமிழ்ப் பிரிவில் நாற்பத்திரண்டு பெண்கள் மூன்று மாதமாக ஆசிரியை இல்லாமல் இருக்கிறார்கள். நான் பண்டிதப் பரீட்சையில் தேறியவள். சென்ற வருஷம் இதே வகுப்புக்கு ஆறு வாரம் கற்பித்தேன், ஒரு பெண்ணும் தவறவில்லை. திங்கட்கிழமை முதல் வரத் தயாராயிருக்கிறேன்.

பென்சில் தாளின் மேல் இறங்கிற்று. முதல் வரியில் நின்றது. இரண்டாவதில் நின்றது. நாலாவது வரை போய், எங்கேயும் ஒரு புள்ளிகூட வைக்காமல் மேலே வந்துவிட்டது. பஞ்சாபகேசன் அதைப் பையில் செருகிக்கொண்டார்.

"திருத்த ஒண்ணும் இல்லை," என்றார் மெல்ல.

"திருத்தக் கொடுக்கல்லை. நாளைக்குப் பத்து மணிக்குள்ளே அது ரத்னாபாய் அம்மா மேஜையிலே இருக்கணும். ரக்ஷகர்னு போட்டிருக்கற இடத்திலே உங்க ஒப்பு வேணும். அவர் கப்பலுக்குப் போறச்சே தம்பானூர் ஸ்டேஷன்லே என்னை யார் கையிலே விட்டுட்டுப் போனார்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

"ஒப்புப் போட்டா கரமனைச் சம்பந்தம் போயிடும்," என்றாள் வாலாம்பாள். குரல் எழும்பவில்லை. "ஒரே பொண்ணு எனக்கு."

அனந்தம் மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து வந்து அப்பாவின் நாற்காலிக் கையில் வைத்தாள். யாரும் அவளைச் சொல்லி அனுப்பவில்லை. வாலாம்பாள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

பஞ்சாபகேசன் பேனாவைத் தொடவில்லை. ஒப்புப் போட வேண்டிய அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோவிலில் தீபாராதனை மணி அடித்தது. தெருவில் யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு படியேறப் பார்த்து, உள்ளே நாலு பேரும் இருக்கிற நிலையைக் கண்டு, "அப்புறம் வரேன்," என்று இறங்கிப் போனார். மனு எழுத வந்தவராக இருக்கும்.

அத்தனை நேரமும் நின்றுகொண்டிருந்த சீதா அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"யார்கிட்டே எப்படிச் சொன்னா காரியம் நடக்கும்னு ஊருக்கெல்லாம் சொல்லித் தரேளே அண்ணா, உங்ககிட்டே நான் எப்படிச் சொன்னா நீங்க இதிலே ஒப்புப் போடுவேள்? அதை மாத்திரம் எனக்குச் சொல்லித் தாங்கோ."